கூண்டில் முதலில் பார்க்க வேண்டியது தரை

எங்கள் முதல் கூண்டை வாங்கியபோது, அது கூடத்து மூலையில் அடங்குமா என்று மட்டும்தான் பார்த்தேன். 2 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். அடியில் கம்பி வலை, அதற்குக் கீழே கழிவு விழ ஒரு தட்டு. கறுப்பி, செவலை என்று இரண்டு பெட்டைக் கினிப் பன்றிகளை அதில் விட்டோம். மூன்றாம் மாதம் செவலையின் பின்னங்கால் சிவந்து, தடித்து, புண்ணாகிவிட்டது. மருத்துவர் அதன் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். உள்ளங்காலில் மயிரே இல்லை, மெல்லிய தோல்தான். நாள் முழுக்கக் கம்பிமேல் நின்றால் புண் வரும், விட்டால் எலும்புவரை இறங்கும் என்றார். அன்றிரவே வலையைக் கழற்றினேன்.

அடுத்த கூண்டை நாங்களே கட்டினோம். இவை ஏறும் பிராணிகள் அல்ல, ஓடும் பிராணிகள். அதனால் மாடி வைத்த கூண்டைவிட ஒரே தளமாக நீண்டு கிடப்பதே நல்லது. இரண்டுக்குக் குறைந்தது ஏழரை சதுர அடி வேண்டும். 14 அங்குலக் கம்பிச் சட்டங்களை நீளவாக்கில் நான்கும் அகலவாக்கில் இரண்டுமாக கேபிள் டை போட்டு இணைத்தோம். ஏறக்குறைய பதினொரு சதுர அடி கிடைத்தது. கம்பிகளுக்கு நடுவே ஒன்றரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் தலை மாட்டிக்கொள்ளும், கவனம். அடியில் போட, விளம்பரப் பலகை செய்யும் கடையில் சன்பேக் ஷீட் வாங்கி ஓரங்களை 6 அங்குலம் மடித்துத் தொட்டி போலாக்கினோம். அதன்மேல் பழைய துண்டுகள், அவற்றின்மேல் ஃப்ளீஸ் துணி. பைன், செடார் மரத்தூள் வேண்டாம், அவற்றின் நெடி நுரையீரலைக் கெடுக்கும்.

ஒளிந்துகொள்ள ஆளுக்கொரு வீடு வையுங்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு வாசல் இருக்கட்டும். ஒரே வாசல் என்றால் வலுத்தது வழிமறிக்கும், இளைத்தது உள்ளேயே ஒடுங்கிவிடும். உலர்புல் எந்நேரமும் இருக்க வேண்டும். தின்னும் இடத்திலேயே கழிவதும் இவற்றின் வழக்கம். புல்தட்டுக்கு அடியில் மட்டும் தனித் துணி விரித்து அதைத் தினமும் மாற்றுகிறேன், பாதி வேலை அதிலேயே முடிகிறது.

சென்னையில் வளர்ப்பவர்களுக்கு ஒன்று. பால்கனியில் வைக்காதீர்கள். இவற்றுக்கு வியர்க்காது. 30 டிகிரி தாண்டினாலே ஆபத்துதான். வீட்டின் குளிர்ந்த அறையில், வெயில் படாத சுவரோரம் வையுங்கள். சித்திரை வைகாசியில் உறைய வைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டுக்குள் கிடத்துகிறோம். கறுப்பி அதில் சாய்ந்தபடியே தூங்கும்.

புண் ஆறியபின் செவலையைப் புதுக் கூண்டில் இறக்கினோம். கொஞ்ச நேரம் மோந்து பார்த்தது. பிறகு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி, நடுவில் ஒரு துள்ளு துள்ளியது. மூன்று மாதமாக அதைச் சாதுவான பிராணி என்றே நினைத்திருந்தேன். ஓட இடமில்லாமல்தான் அது சும்மா இருந்திருக்கிறது.