மேரக்காயும் சாமையும் போட்டு மைதா இல்லாத லசான்யா

குளூட்டன் இல்லாத லசான்யா தாள் அட்டைப்பெட்டியில் வேண்டுமென்றால் கோத்தகிரிக்குப் பக்கத்து அரவேணுவிலிருந்து கோயம்புத்தூருக்குத்தான் இறங்க வேண்டும். வாங்கினாலும் விலை கையைக் கடிக்கும். அந்த அலைச்சலே வேண்டாம். சாமையும் பச்சரிசியும் அரைத்து மெல்லிசாகத் தோசை ஊற்றினால் தாள் தயார். தேயிலை இந்த நீலகிரி மலையை மூடுவதற்கு முன் படகர் நிலங்களில் ராகியும் சாமையும் விளைந்தன. கோத்தகிரியில் இருக்கும் கீஸ்டோன் அறக்கட்டளையும் பழங்குடி ஊர்களில் சிறுதானிய விதைப்பை மீட்க வேலை செய்திருக்கிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். அதே மலை நிலங்களில் கோதுமையும் பார்லியும்கூட விளைந்தன, பார்லியிலும் குளூட்டன் உண்டு. பழைய தானியம் என்பதாலேயே எல்லாம் ஒத்துக்கொள்ளும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டில் யாருக்காவது சீலியாக் நோய் இருக்கிறதா, அல்லது கோதுமை சாப்பிட்டால் வயிறு உப்புகிறது என்கிற அளவுதானா? முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் கோதுமையை நிறுத்தும் முன்பே ரத்தப் பரிசோதனை செய்துவிட வேண்டும். நிறுத்திவிட்டுப் போனால் சோதனையில் நோய் தெரியாமல் போகலாம். சீலியாக் உறுதியானவருக்குச் சமைக்கும்போது மைதாவை மட்டும் பார்த்தால் போதாது. பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். மாவு மில்லில் கோதுமைக்குப் பின்னாலேயே நம் ராகியைப் போட்டு அரைத்தால் அதிலும் ஒட்டி வரும். சப்பாத்தி சுடும் கல்லிலும் அதே பயம்தான். அதனால் தானியமாகவே வாங்கி வீட்டு மிக்ஸியில் அரையுங்கள், தோசைக்குத் தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலப் பொருளில் குளூட்டன் இல்லை என்ற முத்திரையைப் பாருங்கள். இந்திய விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்த முத்திரை போட முடியாது.

இனி லசான்யாவை லேசாக்குவது. வெண்ணெயையும் சீஸையும் குறைத்துவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கொழுப்பைக் குறைத்த இடத்தில் காய்த் தண்ணீர் புகுந்துகொண்டால் கத்தி வைத்ததும் அடுக்கு சரிந்து கூட்டு மாதிரி தட்டில் ஓடும்; பிள்ளைகள் தொடமாட்டார்கள். ஒவ்வொரு பொருளிலும் தண்ணீரை முன்கூட்டியே வெளியேற்றுவதுதான் இந்தச் சமையலில் பாதி வேலை.

நாலு பேருக்கு, எட்டு அங்குலச் சதுரக் கண்ணாடிப் பாத்திரத்துக்கு அளவு சொல்கிறேன். சாமை அரை கப், பச்சரிசி அரை கப், பெங்களூர் தக்காளி முக்கால் கிலோ, மேரக்காய் (சௌசௌ) இரண்டு, பட்டன் காளான் 200 கிராம், கேரட் இரண்டு, பாலக்கீரை ஒரு கைப்பிடி, சின்னக் காலிஃபிளவரில் பாதி, பால் ஒன்றேகால் லிட்டர், எலுமிச்சம்பழம் ஒன்று, மலைப்பூண்டு பத்துப் பல், மொசரெல்லா 50 கிராம், முற்றிய செடார் 25 கிராம், எண்ணெய், உப்பு, மிளகு. நாட்டுத் தக்காளி இதற்குச் சரிப்படாது, சாறு அதிகம்.

சாமையையும் அரிசியையும் நாலு மணி நேரம் ஊறவைத்து நைசாக அரைத்து, உப்பும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் சேர்த்து, மோர் பதத்துக்குக் கரையுங்கள். புளிக்க வைக்க வேண்டியதில்லை. இந்தக் குளிரில் மாவு பொங்கக் காத்திருந்தால் ராத்திரிச் சாப்பாடு மறுநாள் காலைக்குத்தான். கல் நன்றாகக் காய்ந்ததும் மாவைத் தேய்க்காமல் ஊற்றி மூடி, ஒரு பக்கம் மட்டும் வேகவிட்டு எடுங்கள். ஏழெட்டு தோசை வரும். சூட்டோடு ஒன்றன்மேல் ஒன்று போட்டால் ஒட்டிக்கொள்ளும், துணியில் தனித்தனியாக ஆறவிடுங்கள். மாவு அடியில் தங்கும், ஒவ்வொரு முறையும் கலக்கி ஊற்ற வேண்டும்.

சுக்கினி கிடைத்தால் நல்லது. நீலகிரியில் விளைகிறதுதான், ஆனால் பெரும்பாலும் வெளியூர் ஓட்டல்களுக்குப் போய்விடுகிறது. நான் மேரக்காய் பக்கம். வேலியில் தானே படர்ந்து காய்ப்பது, வெந்தாலும் குழைவதில்லை. நுனியை வெட்டி, வெட்டிய துண்டாலேயே அந்த முகத்தைச் சுற்றிச் சுற்றித் தேய்த்தால் வெள்ளை நுரையாகப் பால் வரும். அதைக் கழுவிவிட்டு, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு தோல் சீவினால் விரல் பிசுபிசுக்காது. இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் நீளவாக்கில் சீவி, உப்புத் தூவிக் கால் மணி நேரம் வைத்து, துணியால் ஒற்றி எடுத்து, எண்ணெய் விடாமல் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் புள்ளி விழ வாட்டுங்கள்.

தக்காளியோடு ஆறு பல் பூண்டையும் ஒரு ஸ்பூன் எண்ணெயில் வதக்கி மசித்து, திறந்தே வைத்துச் சுண்டவிடுங்கள். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்தால் அந்தக் கோடு உடனே மூடக்கூடாது, அதுதான் பதம். காளானை வெறும் வாணலியில் போட்டு, அதன் தண்ணீர் வெளிவந்து வற்றும்வரை கிளறி, துருவிய கேரட்டும் நறுக்கிய கீரையும் சேர்த்து ஈரம் போனதும் இறக்கித் தக்காளியில் கலந்துவிடுங்கள். அசைவம் வேண்டுமென்பவர்கள் காளானுக்குப் பதில் கோழிக் கொத்துக்கறி கால் கிலோ போடலாம்.

வெள்ளை சாஸுக்கு மைதாவும் வெண்ணெயும் வேண்டாம். காலிஃபிளவரை மீதிப் பூண்டோடு கால் லிட்டர் பாலில் வேகவைத்து அரைத்தால் அதே வழவழப்பு வரும். கோத்தகிரிப் பக்கம் சுமார் 1,800 மீட்டர் உயரம், தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், காய் வேகச் சமவெளியைவிட நேரமாகும். தண்டு நசுங்குகிற அளவு வெந்த பிறகே மிக்ஸியில் போடுங்கள். மீதி ஒரு லிட்டர் பாலை எலுமிச்சைச் சாறு விட்டுத் திரித்து, துணியில் பிழிந்து உதிர்த்துக்கொள்ளுங்கள். ஊற்றிய தோசைக்கு மேல் பனீரா என்று பெரியவர்கள் கேட்பார்கள், சாப்பிட்டபின் கேட்கமாட்டார்கள்.

சீஸ் மேலடுக்குக்கு மட்டும் போதும். முற்றிய சீஸ் கொஞ்சம் இருந்தாலே வாசனை தூக்கும் என்பதால்தான் செடார். மலைச் சீஸ் வேண்டுமென்றால் குன்னூரில் ஏக்கர்ஸ் வைல்ட் பண்ணை இருக்கிறது. 1988இல் ‘கயாமத் சே கயாமத் தக்’ எடுத்த மன்சூர் கான் சினிமாவை விட்டு வந்து நடத்துவது. எங்கே வாங்கினாலும் கட்டியாக வாங்கித் துருவுங்கள். துருவி விற்பதில் ஒட்டாமலிருக்க மாவு தூவியிருப்பார்கள், அது என்ன மாவு என்று உறையைப் படித்தாக வேண்டும்.

பாத்திரத்தில் கொஞ்சம் தக்காளி சாஸ் தடவி, தோசையை அளவுக்கு வெட்டிப் பரப்பி, மேலே காய்க்கலவை, மேரக்காய், பனீர், ஒரு கரண்டி காலிஃபிளவர் சாஸ் என்று அடுக்குங்கள். இப்படி மூன்று முறை. கடைசித் தோசைமேல் மீதி வெள்ளை சாஸ், சீஸ், மிளகுத்தூள். ஓ.டி.ஜி. அடுப்பை 180 டிகிரிக்குச் சூடேற்றி, ஃபாயிலால் மூடி 25 நிமிடம், திறந்து 10 நிமிடம். மழைக்காலத்தில் கரண்ட் போனால் அடுப்பில் தோசைக்கல்லை வைத்து, அதன்மேல் அடிகனமான பாத்திரத்தில் அடுக்கி, மூடிச் சிறுதீயில் 35 நிமிடம் வைக்கலாம். கண்ணாடிப் பாத்திரத்தைத் தீயில் ஏற்றவேண்டாம். இந்த முறையில் மேலே பொன்னிறம் வராது, ருசியில் குறையில்லை.

இறக்கியதும் வெட்டாதீர்கள். துணி போட்டு மூடிக் கால் மணி நேரம் விட்டால்தான் அடுக்கு இறுகும். மீந்தது பிரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். மறுநாள் துண்டைத் தோசைக்கல்லில் வைத்து மூடிச் சூடாக்கினால் அடிப்பக்கம் மொறுமொறுவென்று ஆகும். மைக்ரோவேவ் வேண்டாம், தோசை சவசவத்துப் போய்விடும்.