ஹூஸ்டன் புல்லுக்குக் குளிர்காலம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

மாமா எழுதுகிறேன். புது வீட்டுப் படங்கள் வந்து சேர்ந்தன. வாசல் புல் நன்றாகவே இருக்கிறது. கராஜ் ஓரமாகச் சாய்த்து வைத்திருக்கிற உர மூட்டையைப் பார்த்துத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். குளிர்காலத்துக்கு என்று கொட்டை எழுத்தில் போட்டு விற்கிறார்களே, அந்த மூட்டை. அதைப் பிரிக்காதே. ரசீது இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு.

நீங்கள் இருவரும் நியூ ஜெர்சியில் பழகியவர்கள். அங்கே உள்ள ஃபெஸ்க்யூ, புளூகிராஸ் எல்லாம் குளிர்ப்பிரதேசப் புல். இலையுதிர் காலத்தில்தான் அவை வேர் பிடிக்கும், உரத்தையும் ஏற்றுக்கொள்ளும். இங்கே இருப்பது வெயில் புல். ஹூஸ்டனை ஒட்டிய கேட்டியில் உங்கள் வாசலில் அகல இலையோடு தரையை ஒட்டிக் கொடி ஓடுகிறதே, அது செயின்ட் அகஸ்டின். பின்வேலி ஓரம் மெல்லிசாகப் படர்ந்திருப்பது பெர்முடா, நம் ஊர் அருகம்புல்லேதான். மண் குளிரக் குளிர இரண்டுமே வளர்ச்சியைக் குறைத்து, கொடியிலும் வேரிலும் மாவுச்சத்தைச் சேர்த்து வைத்துக்கொண்டு அடங்கும். அந்த நேரத்தில் தழைச்சத்தைக் கொட்டினால், தூங்கப் போகிற குழந்தையை உலுக்கி எழுப்பிச் சாப்பாடு ஊட்டுகிற கதைதான். சேர்த்ததைச் செலவழித்துத் தளிர் விடும். முதல் உறைபனியில் அந்தத் தளிர் கருகும். இங்கே குளிர்காலத் தயாரிப்பில் பாதிக்கு மேல், கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான். சும்மா இருக்கத் தெரியாத பிள்ளை நீ, அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் பக்கம் முதல் உறைபனி பெரும்பாலும் நவம்பர் கடைசியிலோ டிசம்பரிலோ விழும். அதற்கு 6 வாரம் முன்னாலேயே தழைச்சத்தை நிறுத்திவிட வேண்டும். போடுவதானால் அதற்குள், கொஞ்சமாக. அதற்கும் முன்னால் மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பு. காலேஜ் ஸ்டேஷனில் டெக்சஸ் ஏ அண்ட் எம் அக்ரிலைஃப் ஆய்வகம் இருக்கிறது, கட்டணம் அதிகமில்லை. சாம்பல் சத்து குறைவு என்று வந்தால் அதை மட்டும் கொடு. குளிர் தாங்க உதவும். மணிச்சத்து போதுமான அளவு இருந்தால் மேலே போடாதே. மிஞ்சினது மழையில் கரைந்து கால்வாயில்தான் போய்ச் சேரும்.

உரத்தைவிட எனக்குப் பெரிய கவலை பூஞ்சாணம். அக்டோபரில் ராத்திரி வெப்பம் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்கி, மழையும் சேர்ந்துகொண்டால், செயின்ட் அகஸ்டினில் வட்ட வட்டமாகப் புல் மஞ்சளடிக்கும். சில நாளில் பல அடி அகலத்துக்குப் பரவும். தண்ணீர் போதவில்லை என்று நினைத்து எல்லோரும் ஸ்பிரிங்க்ளரைத் திருகிவிடுவார்கள். அதைத்தான் பூஞ்சாணமும் எதிர்பார்க்கிறது. குனிந்து, வட்டத்தின் விளிம்பில் ஒரே ஒரு இலையைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார். நல்ல புல்லானால் அறுந்துதான் வரும். இது சுளுவாக உருவிக்கொண்டு கையோடு வந்துவிடும். அடிப்பாகம் பழுப்பாக அழுகி நைந்திருக்கும், கொடி மட்டும் இன்னும் பச்சையாக இருக்கும். ரைசாக்டோனியா என்று பெயர். ஊரில் நெல்லுக்கு இலையுறைக் கருகல் வருமே, அதுவும் இந்த இனத்துப் பூஞ்சாணம்தான். போன வருஷம் வந்த இடத்திலேயே மறுபடியும் வரும், அதனால் பக்கத்து வீட்டாரிடம் கேட்டு இடத்தைக் குறித்துக்கொள். அசாக்ஸிஸ்ட்ரோபின் கலந்த மருந்தை முன்கூட்டியே அங்கே மட்டும் போட்டால் போதும். வந்துவிட்டாலும் பயப்படாதே. கொடி உயிரோடு இருக்கிறவரை வசந்தத்தில் மூடிக்கொள்ளும்.

தானாக ஓடும் ஸ்பிரிங்க்ளரை அக்டோபரிலேயே நிறுத்திவிடு. பிறகு மூன்று நான்கு வாரம் மழையே இல்லையென்றால் ஒரு தடவை, விடிகாலையில் விடு. சாயங்காலம் வேண்டாம், ராத்திரி முழுக்க இலை ஈரமாகவே கிடக்கும்.

களையை முளைக்கவிடாமல் தடுக்கும் மருந்தைச் செப்டம்பரிலிருந்து அக்டோபர் முதல் வாரத்துக்குள் போட வேண்டும். டிசம்பரில் களையைக் கண்ணால் பார்த்த பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை. குளிர்காலத்திலும் பச்சையாகத் தெரிய ரைகிராஸ் தூவலாமா என்று மாப்பிள்ளை கேட்டார். பெர்முடாவில் தூவலாம். செயின்ட் அகஸ்டினில் நான் சம்மதிக்க மாட்டேன்: வசந்தத்தில் அது துளிர்க்கிற நேரத்தில் வெளிச்சத்தையும் தண்ணீரையும் ரைகிராஸ் பிடுங்கிக்கொள்ளும். களைத்தடுப்பு மருந்து போட்ட இடத்தில் ரைகிராஸ் விதையும் முளைக்காது என்பதை அவரிடம் சொல்.

செயின்ட் அகஸ்டினில் மோவரை 3 அங்குலத்துக்குக் கீழே இறக்காதே. ஒட்ட வெட்டினால் கொடி குளிருக்குத் திறந்து கிடக்கும். சருகை மூட்டை கட்டித் தெருவில் வைக்காமல், மோவரை அதன்மேல் ஓட்டித் தூளாக்கி விட்டால் அந்தக் கறுப்புக் களிமண்ணுக்கு நல்லது.

எப்போதாவது கடுங்குளிர் வரும். 2021 பிப்ரவரியில் வந்ததை ஹூஸ்டன்காரர்கள் மறக்க மாட்டார்கள். மின்சாரம் போய், குழாய்கள் வெடித்தன. குளிரைத் தாங்குவதில் புல்லுக்குப் புல் வித்தியாசம் உண்டு. செயின்ட் அகஸ்டினில் ராலே ரகம் குளிரைக் கொஞ்சம் தாங்கும், ஃப்ளோராட்டம் அவ்வளவு தாங்காது. உங்களுடையது எந்த ரகம் என்று பில்டரைக் கேள். உறைநிலை அறிவிப்பு வந்து, மண்ணும் காய்ந்திருந்தால் முதல் நாளே தண்ணீர் விடு; ஈர மண் சூட்டை விடாமல் வைத்திருக்கும். வீட்டுச் சுவரோரம் தரைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிற ஸ்பிரிங்க்ளர் பித்தளைக் குழாய்க்குத் தண்ணீரை மூடி, உள்ளே இருப்பதை வடித்து, துணி சுற்றிவிடு. விடிந்ததும் புல்மேல் உறைபனி படிந்திருந்தால் பிள்ளைகளை அதில் ஓடவிடாதே. மிதித்த காலடி பழுப்பாகத் தெரியும்.

பொங்கலுக்கு வருகிறவர்கள் "என்னம்மா, புல்லெல்லாம் செத்துப்போச்சே" என்பார்கள். சாகவில்லை, வளராமல் கிடக்கிறது. பிப்ரவரியில் நாலு நாள் வெயிலடித்ததும் தெருவே உரம் போடக் கிளம்பும், நீ கிளம்பாதே. களையை வெட்டியது கணக்கில்லை. புல்லையே இரண்டு தடவை வெட்டின பிறகுதான் உரம், ஏப்ரல் ஆகிவிடும். அப்போது கூப்பிடு. ஸ்பிரெடர் என்னிடம் இருக்கிறது, நீ வாங்காதே, எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
மாமா