இரண்டு விரல் இடம் விடுங்கள்: கப்பலில் கைப்பட்டை கட்டும் முறை

சொகுசுக் கப்பலில் ஏறியதும் எல்லோருக்கும் ஒரே அவசரம். பஃபே திறந்துவிட்டது, நீச்சல் குளத்தருகே நாற்காலி பிடிக்க வேண்டும், பின்னால் வரிசை வேறு நகர்கிறது. அந்த அவசரத்தில் கையை நீட்டி, "சீக்கிரம் கட்டுங்க" என்பார்கள். கட்டிய பட்டை இறுக்கிக்கொண்டு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும், இல்லையென்றால் மறுநாள் குளத்தில் கழன்று மிதக்கும். இரண்டையும் நிறையப் பார்த்தவன் நான். புளோரிடாவிலிருந்து பஹாமாஸ் போய்வரும் ஒரு கப்பலில், 2021 கோடைக்குப் பிறகு சில மாதங்கள் என் வேலையே தடுப்பூசிப் பட்டை கட்டிவிடுவதுதான்.

அந்தப் பட்டை ஏன் வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோவிட் காரணமாக 2020 மார்ச்சில் நின்றுபோன கப்பல்கள், 2021 கோடையில் அமெரிக்கத் துறைமுகங்களிலிருந்து மறுபடி கிளம்பின. 'ஃப்ரீடம் ஆஃப் தி சீஸ்' மயாமியிலிருந்து ஜூலை 2 அன்று புறப்பட்டது. அதற்கு முதல் நாள்தான் புளோரிடாவில் ஒரு சட்டம் அமலுக்கு வந்திருந்தது. வாடிக்கையாளரிடம் தடுப்பூசிச் சான்று கட்டாயம் கேட்டால், ஒவ்வொரு மீறலுக்கும் 5,000 டாலர் வரை அபராதம். அதனால் கப்பல்காரர்கள் சிலர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். விருப்பமிருந்தால் சான்றைக் காட்டலாம். காட்டாதவர் ஊசி போடாதவர் கணக்கில் சேர்வார். காட்டியவருக்குக் கையில் ஒரு பட்டை. தடுப்பூசி போட்டவர்களுக்கென ஒதுக்கிய சாப்பாட்டுக்கூடம், பார், அரங்கம் எல்லாவற்றிலும் வாசலில் நிற்பவர் முகத்தைப் பார்க்கமாட்டார், மணிக்கட்டைத்தான் பார்ப்பார்.

2022-இல் அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் கப்பல்களுக்கான கோவிட் திட்டத்தை முடித்துக்கொண்டது. அந்தப் பட்டையும் போனது. ஆனால் கப்பலில் பட்டை கட்டும் வழக்கம் போகவில்லை. குழந்தைகளுக்கு, ஆபத்து வந்தால் கூட வேண்டிய இடத்தைக் காட்டும் மஸ்டர் பட்டை உண்டு. வர்ஜின் வாயேஜஸ் கப்பலில் அறைக் கதவைத் திறப்பதே பட்டைதான். நாளைக்கு இன்னொரு தொற்று வந்தால் தடுப்பூசிப் பட்டையும் திரும்ப வரும். எதற்காகக் கட்டினாலும் மணிக்கட்டு ஒன்றுதானே. முறையும் ஒன்றுதான்.

1. சான்று கைப்பையில் இருக்கட்டும்

பெரிய பெட்டிகளைத் துறைமுக வாசலிலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேர சாயங்காலம் ஆகிவிடும். அந்தப் பெட்டிக்குள் சான்றை வைத்துவிட்டு மேசை முன் வந்து விழித்தவர்கள் ஏராளம். அமெரிக்காவில் கொடுத்த அந்த வெள்ளை அட்டை நான்கு அங்குலத்துக்கு மூன்று அங்குலம். பர்ஸில் நுழையாது என்பதால் பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். இன்றைக்கு மஞ்சள் காய்ச்சல் சான்று வைத்திருப்பவர்களும் அதையேதான் செய்கிறார்கள். கைப்பை, பாஸ்போர்ட்டோடு. இதில் பேச்சே இல்லை.

இன்னொன்று: பட்டை அந்தக் கப்பலுக்குள் மட்டும்தான் செல்லும். இறங்கும் ஊரில் அதிகாரி கேட்பது தாளைத்தான். பட்டை கட்டியாயிற்றே என்று சான்றை அறையில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

2. எந்தக் கை?

எழுதும் கை வேண்டாம். கடிகாரக் கையும் வேண்டாம். கடிகாரத்தின் விளிம்பு பட்டையை அறுத்துக்கொண்டே இருக்கும். இரண்டும் வேறு வேறு கை என்றால் கடிகாரத்தைக் கழற்றி வையுங்கள். கப்பலில் மணி பார்த்து என்ன செய்யப்போகிறீர்கள்?

இதற்கும் மேலே ஒரு விதி. டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், ஃபிஸ்துலா வைத்த கையில் எதையுமே கட்டக்கூடாது. மார்பகப் புற்றுநோய் அறுவையில் அக்குளில் நிணநீர் முடிச்சு எடுத்தவர்கள், அந்தப் பக்கத்துக் கையைத் தவிர்க்க வேண்டும், வீங்கும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்குத் தோல் லேசில் கன்றிப்போகும். மேசையில் இருப்பவருக்கு இதெல்லாம் தெரியாது, கேட்கவும் மாட்டார். நீங்களாகச் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை.

3. கட்டுவதற்கு முன்

கையைக் கழுவித் துடையுங்கள். சன் ஸ்கிரீன், கைக்குப் பூசும் கிரீம், தேங்காய் எண்ணெய் எது இருந்தாலும் பசை பிடிக்காது. கிருமிநாசினி ஜெல் தடவினால் முழுக்கக் காயும்வரை நில்லுங்கள். வாசலில் ஜெல் தருவார்கள், பத்தடி தள்ளி பட்டை தருவார்கள். நடுவில் காய நேரம் இருக்காது. எங்கள் கப்பலில் முதல் வாரம் கழன்றுவந்த பட்டைகளுக்கெல்லாம் இதுதான் காரணம் என்று என் எண்ணம்.

4. கட்டுவது

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். நிதானமாகப் படியுங்கள்.

முதலில் என்ன பட்டை என்று பாருங்கள். காகிதம் போல இருப்பது பெரும்பாலும் டைவெக். பாலிஎத்திலீன் இழைகளை அழுத்திச் செய்தது. கையால் இழுத்துக் கிழிப்பது கஷ்டம், ஆனால் விளிம்பில் ஒரு சின்ன வெட்டு விழுந்துவிட்டால் அங்கிருந்து ஓடிவிடும். இதற்குப் பசை முனை. ரப்பர் மாதிரி வழவழவென்று இருப்பது வினைல். இதற்கு பிரஸ் பட்டன், ஒருதரம் அழுத்தினால் திறக்காது. துணிப்பட்டையில் ஒரு பிளாஸ்டிக் வழுக்கி இருக்கும். அது இறுக்கும் பக்கம் மட்டுமே நகரும்.

மூன்றுக்கும் பொதுவானது இது: ஒருமுறை கட்டினால் பிரிக்க வழியில்லாதபடிதான் செய்திருக்கிறார்கள். பசைப் பட்டையின் முனையை உற்றுப் பாருங்கள். பிறை பிறையாகச் சின்னச் சின்ன வெட்டுகள் தெரியும். அவை அழகுக்கு இல்லை. யாராவது பிரித்து இன்னொருவர் கையில் ஒட்ட நினைத்தால், அந்த வெட்டுகளில் கிழிந்துபோகும். எனவே "ஒட்டிப் பார்ப்போம், சரியில்லையென்றால் மாற்றிக்கொள்ளலாம்" என்பது நடக்காது. ஒட்டுவதற்கு முன்பே அளவு பார்த்துவிட வேண்டும்.

அளவு பார்க்கும் விதம்: கையை மேசைமேல் தளர்வாக வையுங்கள். முஷ்டி வேண்டாம், விறைப்பாக நீட்டவும் வேண்டாம். பட்டையின் தாளை உரிக்காமல் மணிக்கட்டைச் சுற்றிப் பிடியுங்கள். மணிக்கட்டுக்கும் பட்டைக்கும் நடுவே ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தட்டையாக, நெருக்கடி இல்லாமல் நுழைய வேண்டும். ஆஸ்பத்திரியில் பெயர்ப்பட்டை கட்டும் நர்ஸுகளின் கணக்கும் இதுதான். ஒரு விரல் மட்டும் நுழைந்தால் இறுக்கம். மூன்று நுழைந்தால் தளர்ச்சி.

பிறகு இரண்டாவது சோதனை. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, வளையல் கழற்றுவது போல இழுத்துப் பாருங்கள். கட்டைவிரல் மேட்டைத் தாண்டி வரக்கூடாது. வந்தால் குளத்தில் போய்விடும்.

"இரண்டு விரல் அதிகம், லூசாக இருக்கிறது" என்று சண்டைக்கு வருவார்கள். இப்போது லூசாகத்தான் இருக்கும். குளிரூட்டிய அறையில் நிற்கிறீர்கள். மூன்றாம் நாள் பஹாமாஸ் வெயிலில் நடந்து, பஃபேயில் உப்பும் ஊறுகாயும் தின்று, இரண்டு கிளாஸ் உள்ளே போனபின் விரல் மோதிரம் இறுகுமே, அதே வீக்கம் மணிக்கட்டுக்கும் உண்டு. நீண்ட விமானப் பயணம் முடிந்து நேரே வந்தவர்களுக்கோ நேர் எதிர். கை ஏற்கெனவே வீங்கியிருக்கும், மறுநாள் வற்றிவிடும். அவர்களுக்கு மட்டும் இரண்டு விரலைக் கொஞ்சம் நெருக்கியே வைப்பேன்.

அளவு சரியென்றால், பசை முனை விழும் இடத்தை நகத்தால் குறித்துக்கொண்டு தாளை உரியுங்கள். பசை முழுவதும் பட்டையின் மேலேயே உட்கார வேண்டும். தோலில் ஒரு துளி பட்டாலும் முடியைப் பிடுங்கும், அழுக்கு சேர்க்கும், அரிக்கும். இது அழுத்தத்தால் பிடிக்கும் பசை. மெல்ல வைத்துவிட்டுப் போகாதீர்கள். கட்டைவிரலால் பத்து எண்ணும்வரை அழுத்துங்கள். வால் நீட்டிக்கொண்டிருந்தால் கத்தரித்து, மூலையை வட்டமாக்கிவிடுங்கள். கூர்மையான மூலை தூக்கத்தில் கன்னத்தைக் கீறும். கீறல் வாங்கி வந்தவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

பிரஸ் பட்டன் பட்டையில் துளையை எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். 'டக்' என்று சத்தம் வர வேண்டும். பட்டன் கையின் வெளிப்புறம் இருக்கட்டும். நாடி பார்க்கும் பக்கம் வைத்தால் மேசையில் கை ஊன்றும்போதெல்லாம் குத்தும்.

துணிப்பட்டைக்கு ஒரே எச்சரிக்கை. பிள்ளைகள் விளையாட்டாக வழுக்கியை இழுத்துக்கொண்டே இருப்பார்கள். திரும்ப வராது. இறுகிவிட்டால் யோசிக்காமல் வெட்டுங்கள். பட்டை போனால் வேறு தருவார்கள்.

ஒற்றைக் கையால் நீங்களே கட்டாதீர்கள். பசை கோணலாக ஒட்டி வீணாகும். துணைக்கு ஆளே இல்லையென்றால், பசையில்லாத முனையை ஒரு பிளாஸ்திரி போட்டு மணிக்கட்டோடு ஒட்டிக்கொண்டு, மற்ற முனையைச் சுற்றிக்கொண்டு வாருங்கள். முடிந்ததும் பிளாஸ்திரியை உருவிவிடலாம்.

வளையல் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. டெக்சாஸில் மகனோடு இருக்கும் கோவில்பட்டி அம்மா ஒருவர் வந்தார். இரண்டு கையிலும் தங்க வளையல். கழற்றச் சொன்னதும், "கல்யாணத்துல போட்டது தம்பி, கழட்டினதே இல்லை" என்றார். நானும் வளையலுக்குக் கீழே கட்டிவிட்டேன். அடுத்த நாள் காலை இட்லிக்கு ஏங்கிய முகத்தோடு வந்து நின்றார். "அறுந்துபோச்சே தம்பி, இனிமே உள்ள விடமாட்டாங்களா?" பட்டையின் விளிம்பில், வளையல் உரசிய இடத்தில் பல் பல்லாக வெட்டு. தப்பு என்னுடையதுதான். புதிதாக ஒன்று கட்டும்போது, வளையல்களை முழங்கைப் பக்கம் தள்ளிவிட்டு, அவர் தலையில் போட்டிருந்த துணி ரப்பர் பேண்டையே வாங்கி நடுவில் வேலி மாதிரி மாட்டினேன். அதைத் தாண்டி வளையல் இறங்கவில்லை. பயணம் முடியும்வரை பட்டை அப்படியே இருந்தது. அன்றிலிருந்து வளையல் கையைப் பார்த்தாலே, "ரப்பர் பேண்ட் இருக்கா அம்மா?" என்றுதான் ஆரம்பிப்பேன்.

5. கட்டிய பிறகு

குளிக்கலாம், நீந்தலாம். குளித்ததும் பட்டையை மேலே தள்ளி அடியில் துடையுங்கள். கீழே தள்ளி மறுபடி துடையுங்கள். உப்புத் தண்ணீரும் சன் ஸ்கிரீனும் அடியில் தங்கினால்தான் தடிப்பு வரும். கடலில் குளித்துவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் ஒருதரம் அலசுவது அவசியம். தோல் சிவந்து எரிந்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள். ரிசப்ஷனுக்குப் போய் வெட்டிவிட்டு மறு கையில் கட்டிக்கொள்ளுங்கள்.

6. அறுந்தால்

அறுந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதையும் அறைச்சாவி அட்டையையும் எடுத்துக்கொண்டு ரிசப்ஷனுக்குப் போங்கள். இரண்டு நிமிட வேலை. துண்டு இல்லாமல் போனால் மறுபடி சான்று, மறுபடி கேள்வி, மறுபடி வரிசை. செல்லோடேப் ஒட்டி ஒப்பேற்றப் பார்ப்பவர்களை வாசலில் நிற்பவர் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். யாரோ கழற்றிக் கொடுத்த பட்டை என்றுதான் முதலில் நினைப்பார்.

7. குழந்தைகள்

மஸ்டர் பட்டையில் இருக்கும் எழுத்தும் எண்ணும், ஆபத்து வந்தால் பிள்ளையை எந்த இடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதற்கு. 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதியபோது, அன்றுதான் ஏறிய பலருக்கு மஸ்டர் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன்பின்தான் கப்பல் கிளம்பும் முன்பே பயிற்சி என்று கறாரானது. ஆகவே பிள்ளையின் பட்டையை மட்டும் அழகு பார்த்துக் கழற்றாதீர்கள். அந்த எண்ணை நீங்களும் மனப்பாடம் செய்யுங்கள். சின்னக் கையில் வால் நீளமாக மிஞ்சும். வெட்டாவிட்டால் வாயில் வைத்துக் கடிப்பார்கள்.

8. கழற்றுவது

கப்பலை விட்டு இறங்கி, பெட்டியை எடுத்த பிறகு. கடைசி ராத்திரியே அறுத்தெறிந்துவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கு வாசலில் கெஞ்சியவர்கள் உண்டு. கத்தரிக்கோல் தேட வேண்டாம், நகவெட்டி போதும். விளிம்பில் ஒரு கடி கடித்துவிட்டால் டைவெக் தானே கிழிந்து வரும். பட்டைக்கும் தோலுக்கும் நடுவே விரலை விட்டுக்கொண்டு வெட்டுங்கள். நீங்கள் விட்ட இரண்டு விரல் இடம் இங்கேயும் உதவும்.

பட்டை குப்பைத்தொட்டிக்கு. மேல்தளத்தில் நின்று கடலுக்குள் வீசி படம் எடுத்துக்கொள்ளும் கூத்து வேண்டாம். பார்க்கக் காகிதம் போலிருந்தாலும் அது பிளாஸ்டிக். கப்பலிலிருந்து பிளாஸ்டிக்கை எந்தக் கடலில் போட்டாலும் குற்றம். மார்போல் ஒப்பந்தத்தின் ஐந்தாம் இணைப்பு 1988 இறுதியிலிருந்து அப்படித்தான் சொல்கிறது. அதற்கென்றே கப்பலில் குப்பை பிரிக்க ஓர் அறையும் ஆட்களும் இருக்கிறார்கள். கட்டிவிட்ட எங்களுக்கு நன்றி சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, அவர்களுக்கு வேலை வைக்காமல் தொட்டியில் போட்டுவிட்டுப் போங்கள்.