மனச்சான்றின் வழி நின்ற வீரர்

போர்க்களத்தில் பகைவரை வென்றவரை வீரர் எனப் போற்றுதல் உலக வழக்கு. ஆயின், தம் நாடே அறத்தினின்றும் வழுவிய காலத்தில், அந்நாட்டின் படையுடையை அணிந்துகொண்டே மனச்சான்றின் வழி நடப்பதற்கும் பெருவீரம் வேண்டும். அத்தகைய வீரம் வாய்ந்தவர் வில்ம் ஹோசன்பெல்டு என்னும் ஜெர்மானியர்.

இவர் 1895 ஆம் ஆண்டு மே 2 ஆம் நாள், ஜெர்மனியின் ஹெஸ்ஸேப் பகுதியிலுள்ள மாக்கன்செல் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கத்தோலிக்க நெறியில் நின்ற பள்ளி ஆசிரியர். மைந்தரும் அத்தொழிலையே மேற்கொண்டார். முதல் உலகப் போரில் ஈடுபட்டுக் காயமுற்ற இவர், பின்னர்ச் சிற்றூர்ப் பள்ளியில் ஆசிரியராய் அமர்ந்து, மனைவியோடும் மக்கள் ஐவரோடும் வாழ்ந்தார். தோல்வியால் தாழ்ந்த நாடு ஹிட்லரால் தலைநிமிரும் என்று பலரும் நம்பினர். இவரும் அவ்வாறே நம்பி, 1935 இல் நாசிக் கட்சியில் சேர்ந்தார்.

1939 இல் இரண்டாம் உலகப் போர் மூண்டது. படைக்கு அழைக்கப்பெற்ற ஹோசன்பெல்டு போலந்து நாட்டிற்குச் சென்றார். அங்குப் போலந்து மக்களும் யூதர்களும் பட்ட துன்பங்களை நேரிற் கண்டார். கண்டதும் நம்பிக்கை தகர்ந்தது. தம் நாட்டவர் புரிந்த கொடுமைகளை எண்ணி நாணி, அந்நாணத்தை நாட்குறிப்பிலும் மனைவிக்கு எழுதிய மடல்களிலும் மறையாது வரைந்தார். அவை பிறர் கையிற் சிக்கின் உயிருக்கே இறுதி நேர்ந்திருக்கும்.

அவர் எழுதியதோடு அமைந்தாரல்லர். வார்சா நகரில் படையினரின் விளையாட்டுப் பயிற்சிப் பொறுப்பு அவரிடம் இருந்தது. அதனைப் பயன்படுத்தி, ஆபத்தில் இருந்தோரை வேறு பெயரில் வேலைக்கு அமர்த்திக் காத்தார். திரெப்ளிங்கா கொலைமுகாமிற்குச் சென்ற தொடர்வண்டியினின்றும் தப்பிய லியோன் வார்ம் என்னும் யூதர் அவ்வாறு உயிர் பிழைத்தவருள் ஒருவர்.

1944 ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள். வார்சா நகரம் இடிந்து பாழாய்க் கிடந்தது. ஆளில்லா வீடொன்றில் உணவு தேடிக்கொண்டிருந்த ஒருவரை ஹோசன்பெல்டு கண்டார். அவர் விளாதிஸ்லாவ் ஸ்பில்மன் என்னும் யூத இசைக்கலைஞர். தாம் பியானோ வாசிப்பவர் என்று அவர் கூறவே, அங்கிருந்த பியானோவை வாசிக்குமாறு அதிகாரி பணித்தார். நெடுநாள் பயிலாத விரல்கள் ஷோப்பனின் இசையை எழுப்பின. கேட்டு நின்ற அதிகாரி அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. மேலும் பாதுகாப்பான மறைவிடத்தைத் தாமே ஆராய்ந்து காட்டினார். பின்னர் ரொட்டியும், குளிர்தாங்கும் மேலங்கியும் கொணர்ந்து ஈந்தார். பிரியுங்கால் ஸ்பில்மன் தம் பெயரைக் கூறினார். அதிகாரியின் பெயரை மட்டும் அவர் அறியவில்லை.

1945 சனவரியில் ஹோசன்பெல்டு சோவியத்துப் படையிடம் சிறைப்பட்டார். முகாம் வேலியருகே சென்ற போலந்து இசைக்கலைஞர் ஒருவரிடம், தாம் ஸ்பில்மனுக்கு உதவியதைக் கூறி உதவி வேண்டினார். அவர் பெயரோ அக்கலைஞர் செவியில் தெளிவாக விழவில்லை. 1946 இல் தம்மால் காக்கப்பட்டோர் பெயர்களை மனைவிக்கு எழுதியனுப்பினார். 1950 இல் லியோன் வார்ம் அம்மடலைக் கண்டு ஸ்பில்மனுக்கு அறிவித்தார். ஸ்பில்மன் அதிகாரத்தில் இருந்தோரிடம் மன்றாடியும் பயன் விளையவில்லை. அவ்வாண்டிலேயே சோவியத்து நீதிமன்றம் ஹோசன்பெல்டுக்கு 25 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பக்கவாதத்தால் நலிந்த அவர், 1952 ஆகஸ்டு 13 ஆம் நாள் ஸ்டாலின்கிராடில் சிறையாளராகவே உயிர்நீத்தார்.

ஆயினும் உண்மை மறையவில்லை. ஸ்பில்மனின் வரலாறு 2002 இல் திரைப்படமாகி உலகெங்கும் பரவியது. 2007 இல் போலந்து அரசு ஹோசன்பெல்டுக்கு உயர் விருது அளித்தது. எருசலேமிலுள்ள யாத் வாசெம் நிறுவனம், அவர் போர்க்குற்றங்களிற் கலந்தவரல்லர் என்பதை நன்காராய்ந்து, 2008 இல் அவரை அறவோர் வரிசையில் சேர்த்தது.

அவர் செய்த உதவி அவரைச் சிறையினின்றும் மீட்கவில்லை. பயன் கருதி அவர் அதனைச் செய்ததும் இல்லை. கூட்டத்தார் அனைவரும் ஒருவழிச் செல்லும்போது, அது தீயவழி எனின் விலகி நிற்கும் துணிவே மனிதனை உயர்த்துவது. ஹோசன்பெல்டின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.