நரி வருகிற ஊரில் நாய்க்கு ஊசி போட்டீர்களா?

"ஐயா, ராத்திரி நரி வந்து ரெண்டு பெட்டையத் தூக்கிட்டுப் போயிருச்சு. என்ன வைக்கலாம்?"

கண்டியைச் சுற்றியுள்ள தோட்டப் பக்கங்களில் நரி பற்றிய பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். "என்ன வைக்கலாம்" என்றால் கண்ணியும் ஆகலாம், நஞ்சும் ஆகலாம். கோழி போன வீட்டின் கோபம் நியாயமானதுதான். முட்டை விற்ற காசில் பிள்ளைக்குக் கொப்பி வாங்குகிற வீடுகள் லயங்களில் நிறைய உண்டு. ஆனாலும் பதில் சொல்லுமுன் நான் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன்: உங்கள் நாய்க்குக் கடைசியாக எப்போது ஊசி போட்டீர்கள்? கோழிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று பார்ப்பார்கள். சம்பந்தம் இருக்கிறது. கோழிக் கணக்கை முதலில் முடித்துவிட்டு அதற்கு வருகிறேன்.

நம் தீவில் இருப்பது பொன்னிற நரி ஒன்றுதான். தமிழ்நாட்டு வறண்ட நிலங்களில் திரியும் குள்ளநரி இங்கே கிடையாது. நம் நரி ஊர் நாயைவிடச் சிறியது. முதுகில் கறுப்பும் சாம்பலும் கலந்த மயிர், காதின் பின்புறமும் கால்களும் செம்பழுப்பு, வால் நுனி கறுப்பு. ஆணும் பெண்ணும் இணை பிரியாமல் ஓர் எல்லையைத் தமதாக வைத்துக்கொண்டு வாழும். எலி, தவளை, நண்டு, ஓணான், வண்டு, செத்த மாடு, விழுந்து கிடக்கும் கொய்யா என்று கிடைத்ததைத் தின்னும். இதில் எலிக்கு அடிக்கோடு போடுங்கள். எலிக்காய்ச்சல் வருடந்தோறும் ஆட்களைக் கொல்லும் நாட்டில், கூலி வாங்காமல் எலி பிடிக்கிற பிராணி இது.

இனி, கோழியைக் கொண்டுபோனது நரிதானா என்று பாருங்கள். பழி பெரும்பாலும் நரிமேல்தான் விழும், ஆனால் குற்றவாளிகள் பலர். நரி கோழியைக் கவ்வி வெளியே கொண்டுபோய்த்தான் தின்னும். கூட்டிலிருந்து சிறகு சிந்திய தடம் ஒன்று தேயிலைச் செடிகளுக்குள் போகும். கூட்டுக்குள்ளேயே தலை கடிபட்டு இரண்டு மூன்று கோழி கிடந்தால் மரநாயையோ கீரியையோ சந்தேகிக்கலாம். பட்டப்பகலில் குஞ்சு போனால் கீரி, பருந்து. முட்டை மட்டும் போனால் உடும்பு. ஏழெட்டுக் கோழி குதறப்பட்டுத் தின்னாமல் கிடந்தால் அது நாயின் வேலை, அடுத்த லயத்து நாயாகவும் இருக்கலாம். அதை ஒப்புக்கொள்ள யாருக்கும் மனம் வராது, நரி என்றால் சண்டை இல்லாமல் முடிந்துவிடும்.

ஈர மண்ணில் காலடி கிடைத்தால் குனிந்து பாருங்கள். நாயின் தடம் அகலமானது, நான்கு விரல் மெத்தைகளும் தனித்தனியாகப் பதியும். நரித்தடம் ஒடுக்கமாக, சற்று நீளமாக இருக்கும். முன்னங்காலில் நடுவிரல் இரண்டின் மெத்தைகளும் அடியில் ஒட்டியிருக்கும். தெளிவாகப் பதிந்த ஒரு தடம் போதும், வழக்கு முடிந்துவிடும்.

கூடு கட்டுவதில் எல்லோரும் செய்யும் தவறு வலையில். ஹார்ட்வெயார் கடையில் சுருளாக விற்கும் அறுகோணக் கண் கொண்ட மெல்லிய வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான் உதவும். நரியோ நாயோ பல்லால் இழுத்தால் பிரிந்துவிடும். வெல்ட் மெஷ் என்று கேட்டு வாங்குங்கள், கண் ஓர் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். மரநாயும் கீரியும் வருகிற இடமென்றால் அரை அங்குலம். விலை கூடத்தான், இரண்டு பெட்டைக் கோழியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அவ்வளவு கூடவும் இல்லை.

நரி கூட்டின் அடியில் தோண்டும். ஆகவே வலையைத் தரையோடு நிறுத்தாமல், வெளிப்பக்கமாக மடித்து ஓர் அடி அகலத்துக்கு மண்ணில் படுக்கவைத்து மேலே கல் பரப்புங்கள். சுவரோரம் தோண்ட வரும் நரிக்கு வலைதான் நகத்தில் தட்டுப்படும், பின்னால் தள்ளிநின்று தோண்ட வேண்டுமென்று அதற்குத் தோன்றாது. இன்னும் நல்லது, கூட்டை நான்கு கால் நாட்டி மூன்றடி உயர்த்தி வைப்பது. ஆனால் நம் மலைச்சரிவுகளில் ஒரு சிக்கல்: கூட்டின் பின்பக்கம் மண் மேடாக இருந்தால், முன்னே மூன்றடி உயரம் பின்னே அரையடி ஆகிவிடும். நரி மேட்டிலிருந்து நேரே கூரைக்கு இறங்கும். மேட்டிலிருந்து ஐந்தாறடி தள்ளி வையுங்கள், கூரைத் தகரத்தைக் கல் வைத்து அழுத்தாமல் ஆணியடியுங்கள். கதவுக்குக் கயிறு வேண்டாம், கொண்டி போடுங்கள். கோழியை இருட்டுமுன் அடைத்துவிட வேண்டும், ஆறரைக்குப் பிறகு அடைக்கிற வீட்டில்தான் கோழி போகும்.

இதற்குமேல் நரி வாசலுக்கு வருகிறதென்றால் நீங்கள் கூப்பிட்டுத்தான் வருகிறது. மீன் கழுவிய தண்ணீர், கோழிக்குடல், மிஞ்சிய சோறு எல்லாம் லயத்தின் பின்கானில் கிடந்தால் முதலில் எலி வரும், பிறகு தெருநாய், பிறகு நரி. நகரத்தின் குப்பையெல்லாம் மகாவலிக் கரையில் கோஹாகொடவில் மலையாகக் குவிந்த கதை நமக்குத் தெரியும். வீட்டுக்கு வீடு சின்னக் கோஹாகொட வைத்துக்கொண்டு நரியை மட்டும் திட்டுவது சரியல்ல. சமையல் கழிவைக் குழியில் போட்டு மண் மூடுங்கள். ஹந்தானைப் பக்க விடுதிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: விருந்தினர் படம் எடுப்பதற்காக இறைச்சித்துண்டு போட்டு நரியைப் பழக்காதீர்கள். கையில் தின்று பழகிய நரி அடுத்த வீட்டுக் குழந்தையின் கையையும் தீனியாகத்தான் பார்க்கும்.

இப்போது ஊசிக்கு வருவோம்.

இலங்கையில் விசர்நாய்க்கடி நோய் மனிதருக்கு வருவது பெரும்பாலும் நாயிடமிருந்துதான். நரிக்கும் அந்த நோய் தொற்றும். நாய்க்கும் நரிக்கும் சண்டை நடக்கும் இடங்கள் நம் வீட்டுப் பின்புறமும் குப்பைமேடும். ஊசி போடாத நாய் காட்டின் நோயை வீட்டுக்குக் கொண்டுவரும், வீட்டின் நோயைக் காட்டுக்கும் கொண்டுபோகும். மும்பையில் செம்பூர்ப் பக்கத்துச் சதுப்புக்காட்டு நரிகளில் 2024இல் விசர் நோய் உறுதியானது. நகரத்தை ஒட்டி வாழும் நரிகள் அவை, நம்முடையவை போலவே.

பகலில் நரியைக் கண்டவுடனே விசர் என்று முடிவுகட்டாதீர்கள். குட்டி வைத்திருக்கும் காலத்தில் அது பகலிலும் இரை தேடும். உங்களைக் கண்டதும் நின்று பார்த்துவிட்டு ஒதுங்கினால் அது நலமாக இருக்கிறது. "நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேல் விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி" என்று பழமொழி சொல்வது இந்த நரிக்குத்தான். பயப்பட வேண்டியது ஒதுங்காத நரிக்கு: ஆளை நோக்கி நேரே வருவது, தள்ளாடுவது, தாடை தொங்கி எச்சில் வடிவது, கல்லையும் கட்டையையும் கடிப்பது, நாய்க்கூட்டத்துக்குள் தானாகப் பாய்வது. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளைகளை உள்ளே எடுத்துக் கதவைச் சாத்துங்கள். கம்பெடுத்துத் துரத்திப் போகிற இளைஞன்தான் முதலில் கடிபடுவான். வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992ஐ அழையுங்கள். கிராம சேவகருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் சொல்லுங்கள்.

அப்படியான நரி செத்துப்போனால் அவசரப்பட்டுப் புதைத்துவிடாதீர்கள், எரிக்காதீர்கள், வெறுங்கையால் தொடாதீர்கள். நோயை உறுதிசெய்ய மூளை வேண்டும். தலை நசுங்கிய உடலை வைத்து ஆய்வுகூடத்தில் ஒன்றும் செய்ய முடியாது. நாயும் பூனையும் கிட்டே வராமல் ஒரு பெரிய வாளியைக் கவிழ்த்து மூடி, பரிசோதகர் வரும்வரை விட்டுவையுங்கள்.

கடிபட்டால், ஏன், பல் கீறினாலும், நகம் பிறாண்டினாலும், ஏற்கெனவே இருந்த காயத்தில் எச்சில் பட்டாலும், முதல் மருந்து குழாய்த் தண்ணீரும் சவர்க்காரமும். பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். கடிகாரம் பார்த்துக் கழுவுங்கள், பதற்றத்தில் இரண்டு நிமிடம் பதினைந்தாகத் தெரியும். மஞ்சள், மிளகாய்த்தூள், கோப்பித்தூள், மண்ணெண்ணெய் எதுவும் காயத்தில் வேண்டாம். இறுக்கிக் கட்டவும் வேண்டாம். உடனே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து இருக்கும் என்று நம்பி நாளைத் தள்ளாதீர்கள். கண்டி தேசிய வைத்தியசாலைக்கே போய்விடுங்கள், போக வழியில்லையென்றால் 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வரும். ஊசிக்குக் காசு கட்டத் தேவையில்லை. காயம் ஆழமென்றால், முகத்திலோ கையிலோ என்றால், தடுப்பூசியோடு சீரமும் ஏற்றுவார்கள். வீட்டு நாய் கடித்தால் அந்த நாயைக் கட்டிவைத்துச் சில நாள் பார்க்கலாம் என்று வைத்தியர் சொல்வதுண்டு. அந்தச் சலுகை நரிக்கு இல்லை, அது கடித்தால் சிகிச்சையை அன்றே தொடங்க வேண்டும். சொன்ன திகதிகளில் ஒன்றையும் விடாதீர்கள், கொழுந்து எடுக்கும் நாள் என்றாலும் போங்கள். நோயின் அறிகுறி தென்பட்ட பிறகு ஆளைக் காப்பாற்ற வழியில்லை.

மாடு வளர்ப்போருக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் பலர் அறியாமலே செய்கிறார்கள். பட்டியில் நிற்கும் மாட்டை இரவில் நரியோ நாயோ கடித்துவிட்டுப் போயிருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். சில வாரங்களோ மாதங்களோ கழித்து மாடு தீனி எடுக்காமல், வாயில் எச்சில் ஒழுக, அடைத்த குரலில் கத்திக்கொண்டு நிற்கும். மாங்கொட்டையோ பலாக்கொட்டையோ தொண்டையில் சிக்கிவிட்டது என்று வீட்டுக்காரர் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு மாட்டின் வாய்க்குள் முழங்கைவரை விடுவார். கையில் கொழுந்துக்காம்பு கிழித்த கீறல் இருக்கும். எச்சில் வடிக்கும் மாட்டின் வாயில் கை விடாதீர்கள். கட்டிவிட்டுக் கால்நடை வைத்தியரை அழையுங்கள். அதன் பாலைக் கறக்க வேண்டாம். ஏற்கெனவே கை விட்டவரும் பச்சைப்பால் குடித்தவரும் வைத்தியசாலையில் சொல்லுங்கள். நரி மாட்டைக் கடித்ததைக் கண்ணால் பார்த்திருந்தால் அன்றைக்கே போங்கள், கடிபட்ட மாட்டுக்கும் ஊசி உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவ பீடத்தின் வைத்தியசாலை நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பது கண்டிக்காரருக்கு ஒரு கொடுப்பினை.

நரிக்கே தடுப்பூசி கொடுக்க முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. முடியும். 1978இல் சுவிட்சர்லாந்தின் ரோன் பள்ளத்தாக்கில் கோழித்தலைக்குள் தடுப்பு மருந்தை வைத்துச் செந்நரிகளுக்குப் போட்டார்கள். மருந்து வைத்த தீனியை வருடக்கணக்கில் தூவியதில் 1999இல் அந்த நாடு விசர் நோய் இல்லாத நாடானது. அங்கே நோயைச் சுமந்தது நரி, ஆகவே நரிக்குக் கொடுத்தார்கள். இங்கே அதைப் பெரும்பாலும் சுமப்பது நாய். சுவிஸ்காரர்கள் காட்டில் தூவிய மருந்து நமக்குக் கால்நடை வைத்தியரின் மேசையில் இருக்கிறது. நாயைத்தான் கொண்டுபோக ஆள் இல்லை.

கண்ணி வேண்டாம் என்பதற்கு நான் கருணையைக் காரணம் காட்டப்போவதில்லை. கண்ணிக் கம்பிக்கு ஆள் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் கண்ணியில் சிக்கிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்தது. நாடே அதைப் பேசியது, கம்பி வைத்தவன் அதை நினைத்து வைத்திருக்க மாட்டான். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி கண்ணி குற்றம். நஞ்சு இன்னும் மோசம், அதை முதலில் தின்பது உங்கள் நாய். அப்படியே ஒரு நரி இணையைத் தீர்த்துவிட்டாலும் அந்த எல்லை காலியாகக் கிடக்காது, குப்பையும் கோழியும் இருக்கும்வரை வேறொரு இணை வந்து சேரும்.

ஊளை கேட்டுப் பயப்படுவோருக்கு: அந்தியிலும் விடியலிலும் அவை எல்லையைச் சொல்லவும் தம்மவரை அழைக்கவும் கத்துகின்றன. இரண்டு நரி கத்தினால் மலைச்சரிவில் பத்துப் போலக் கேட்கும். அவ்வளவுதான். மதகுக்குள்ளோ விழுந்த மரத்தடியிலோ குட்டிகளைக் கண்டால் தூக்கிவராதீர்கள். தாய் அருகில்தான் இருக்கும், ஆள் நடமாட்டம் கண்டால் இரவோடு இரவாக வேறிடம் மாற்றிவிடும். பாலூட்டி வளர்க்க நினைப்பது அன்பாக இருக்கலாம், ஆறு மாதத்தில் அது வீட்டில் அடங்காது, காட்டிலும் பிழைக்காது.

நரிக்கொம்பு விற்பவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மயிர் சூழ்ந்த சின்னக் கூம்பு ஒன்றைக் காட்டி, கூட்டத் தலைவனின் தலையில் மட்டும் முளைப்பது, வைத்திருந்தால் வழக்கு ஜெயிக்கும், காசு குவியும் என்பார்கள். பிரித்தானிய அதிகாரியாக இங்கே இருந்த எமர்சன் டெனன்ட் 19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் விலங்குகளைப் பற்றி எழுதிய நூலிலேயே சிங்களவரும் தமிழரும் இதைத் தாயத்தாக நம்புவதைக் குறித்திருக்கிறார். அப்போதே வழக்காடுவோர் இதைத் தேடியிருக்கிறார்கள். நரியின் தலையில் இயல்பாகக் கொம்பு முளைப்பதில்லை. விற்பனைக்கு வருவது பெரும்பாலும் ஏதோ தோலையும் நகத்தையும் ஒட்டிச் செய்தது. வாங்க ஆள் இருக்கும்வரை அதற்காக நரியும் சாகும், உங்கள் பணமும் போகும். அந்தப் பணத்தைச் சட்டத்தரணிக்குக் கொடுங்கள், அதிலாவது பலன் இருக்கும்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. நாயின் ஊசி அட்டையை எடுத்துத் திகதியைப் பாருங்கள். ஒரு வருடம் தாண்டியிருந்தால், அல்லது அட்டையே இல்லையென்றால், பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் காரியாலயத்தில் அடுத்த இலவச ஊசி முகாம் எங்கே, எப்போது என்று கேளுங்கள். உங்கள் லயத்தில் யாருக்கும் சொந்தமில்லாமல் எல்லோர் வாசலிலும் சோறு தின்கிற அந்த நாயையும் சேர்த்து அழைத்துப் போங்கள்.