கெர்மிற் கேட்ட தம்பிக்கு



உன் கடிதம் கிடைத்தது. பள்ளிக்கூடக் கண்காட்சிக்கென்று பழைய எக்ஸ்ரி கணினியைத் தூசுதட்டி எடுத்திருக்கிறாய். பிளாப்பிகளில் கோப்பு அனுப்பும் மென்பொருளான எம்எஸ்-டொஸ் கெர்மிற்றின் மூன்று பதிப்புகள், என்சிஎஸ்ஏ ரெல்நெற் ஒன்று. எது திறம் என்று ஒரே வரியில் சொல்ல வேண்டுமாம்! கணினியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியவன், எந்த இணைப்பில் ஓட்டப்போகிறாய் என்று ஒரு சொல் எழுதவில்லையே.

ரெல்நெற்றை முதலில் ஒதுக்கி வை. இலினோய் பல்கலைக்கழகத்தில் 1980களில் எழுதப்பட்டது அது. வலையமைப்பு ஏற்கெனவே இருக்கும் வளாகத்துக்கு அருமையான மென்பொருள். ஒரே திரையில் பல கணினிகளோடு பேசலாம். வலையமைப்பு அட்டை இல்லாத உன் எக்ஸ்ரியில் அதற்கு வேலை இல்லை.

“அப்படியென்றால் கெர்மிற் 3.11தானே? அதில் வலையமைப்பும் சேர்ந்தே வருகிறதே” என்பாய். வருகிறதுதான். 1991இல் அதைச் சேர்த்தார்கள். ஆனால் அந்த நாளில் உங்கள் திருகோணமலையில் அதை எதோடு இணைப்பது? மொறட்டுவைப் பல்கலைக்கழகத்திலிருந்து 1990அளவில் தொடங்கிய லேர்ன் மின்னஞ்சலே சாதாரணத் தொலைபேசி அழைப்பில்தான் ஓடியது. இன்ரநெற் இலங்கைக்கு வந்தது 1995இல். உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தைக் காட்ட வேண்டுமென்றால் தொலைபேசிக் கம்பியைத்தான் காட்ட வேண்டும்.

கெர்மிற்றின் கெட்டித்தனமும் அந்தக் கம்பியில்தான் தெரியும். 1981இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிராங்க் டா குரூசும் பில் கட்சிங்சும் தொடங்கிவைத்தது. கோப்பை வழக்கமாக 94 எழுத்துக்கு மேற்படாத சிறு பொதிகளாக வெட்டும். ஒவ்வொன்றிலும் சரிபார்ப்பு எண் இருக்கும். “வந்து சேர்ந்தது” என்ற மறுமொழி வரும்வரை அடுத்ததை அனுப்பாது. இரைச்சல் கம்பிக்கு நம்பிக்கையான ஏற்பாடு. செய்மதி வழியாகப் போனால்தான் சிக்கல். 2400 பிட் மொடெமில் ஒரு பொதி போக ஏறக்குறைய 0.4 செக்கன், மறுமொழிக்கு அரைச் செக்கனுக்கு மேல் காத்திருக்க வேண்டும். பாதி நேரத்துக்கு மேல் கம்பி சும்மா கிடக்கும். இதற்காகத்தான் 1990இல் வந்த 3.00 பதிப்பில், மறுமொழிக்குக் காத்திராமல் பல பொதிகளை வரிசையாக அனுப்பும் வசதியைச் சேர்த்தார்கள்.

இனி நீ விடப்போகும் பிழையைச் சொல்கிறேன், கோபிக்காதே. பழைய பதிப்பையும் புதியதையும் அப்படியே ஓட்டிவிட்டு, “இரண்டும் ஒரே வேகம், அண்ணை” என்று எழுதுவாய். ஒரே வேகமாகத்தான் இருக்கும்! புதிய பதிப்பும் 94 எழுத்து, ஒரு நேரத்தில் ஒரு பொதி என்ற பழைய கணக்கில்தான் தொடங்கும். பொதியின் நீளத்தையும் எண்ணிக்கையையும் நீதான் கட்டளையாகக் கொடுக்க வேண்டும், அதையும் இரண்டு முனையிலும். மறுமுனைக்கு அந்த வசதி தெரியாவிட்டால் கெர்மிற் சத்தமில்லாமல் பழைய முறைக்கு இறங்கிவிடும்.

அடுத்தது, ஒரே அறையில் இரண்டு கணினியைக் கேபிளால் இணைத்து வைத்துத் தீர்ப்பு எழுதாதே. அது உள்துறைமுகத்தில் வள்ளம் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கடலுக்கு ஏற்றது என்பதுபோல. கேபிளில் இரைச்சலும் இல்லை, தாமதமும் இல்லை. நீளப் பொதி எப்போதும் வெல்லும். கெட்ட கம்பியில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அந்த நீளப் பொதி முழுவதையும் திரும்ப அனுப்ப வேண்டும். அங்கே 94தான் முந்தும்.

திரையில் கோணல்மாணல் எழுத்து வந்தால் பதிப்பைத் திட்டாதே. முதலில் பரிற்றி என்ற சரிபார்ப்புப் பிட் அமைப்பைப் பார். ஒரு முனை ஏழு பிட், மற்றது எட்டு பிட் என்றிருக்கும்.

ஆனால் இதெல்லாம் பிறகு. அந்தப் பிளாப்பிகள் இத்தனை வருடம் கடற்காற்றில் கிடந்தவை. பூஞ்சணம் பிடித்திருந்தால் டிரைவில் போடாதே, வாசிக்கும் தலையையும் கெடுத்துவிடும். நல்லவற்றை இன்றைக்கே பிரதி எடு. மறுமுனையில் என்ன கணினி வைக்கிறாய், அதில் சீரியல் இணைப்பு இருக்கிறதா என்று எழுது. கட்டளைகளை அதற்கேற்றபடி எழுதி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணை