பின் சக்கரத்துக்கு பவர் எங்கிருந்து வருது?

டொயோட்டா ராவ்4 காரின் 2019 மாடலை எடுத்துக்குங்க. அமெரிக்காவில் அது சாதா பெட்ரோலிலும் வந்தது, ஹைபிரிடிலும் வந்தது. இரண்டிலும் ஆல்-வீல் டிரைவ் உண்டு. ஆனா ரெண்டு வண்டியையும் லிஃப்ட்ல ஏத்தி அடியில பார்த்தா, ஒரே பெயரில் இரண்டு வேறு மெஷின் இருப்பது தெரியும்.

பெட்ரோல் வண்டியில் கியர்பாக்ஸை ஒட்டிய டிரான்ஸ்ஃபர் யூனிட்டிலிருந்து நீளமான ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் பின்னால் போகுது. வழியில் மின்சாரத்தால் கட்டுப்படுத்தப்படும் கிளட்ச் இருக்கு. கிளட்ச் இறுகினால் பின் சக்கரமும் இழுக்கும், விட்டால் முன் சக்கரம் மட்டும்தான். இன்ஜின் டார்க்கில் அதிகபட்சம் 50 சதவீதம் பின்னால் போகும்.

ஹைபிரிடில் அந்த ஷாஃப்டே கிடையாது. பின் ஆக்ஸிலில் 40 கிலோவாட், 121 நியூட்டன் மீட்டர் தரும் தனி மோட்டார் உட்கார்ந்திருக்கு. இன்ஜினுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இருப்பது கேபிள் மட்டும். இந்த ஏற்பாட்டை டொயோட்டா 2001-லேயே எஸ்டிமா ஹைபிரிடில் கொண்டுவந்துவிட்டது.

"40 கிலோவாட் மோட்டாரா? சும்மா பேருக்குத்தான்" என்று சொல்பவர்கள் நிறைய. கணக்கு போட்டுப் பார்ப்போம். மோட்டாருக்கும் சக்கரத்துக்கும் இடையே கியர் ரிடக்‌ஷன் 10, டயர் ஆரம் 0.35 மீட்டர்னு வச்சுக்குவோம். சக்கரத்தில் 1,210 நியூட்டன் மீட்டர். தரையில் இழுவிசை சுமார் 3,450 நியூட்டன். வண்டி எடை 1,700 கிலோ என்றால், எடை விசை சுமார் 16,700 நியூட்டன். அதில் 3,450 என்பது ஐந்தில் ஒரு பங்கு. அதாவது முன் சக்கரம் ரெண்டும் ஐஸ் மேல் வெறுமனே சுத்தினாலும், பின் டயருக்குப் பிடிப்பு இருந்தால், பின் மோட்டார் மட்டுமே வண்டியைச் சுமார் 20 சதவீத ஏற்றத்தில் தள்ளிவிடும். பனி விழுந்த வீட்டு வாசல் சரிவிலிருந்து ரோட்டுக்கு ஏற இது தாராளம்.

பெட்ரோல் வண்டியில் 249 நியூட்டன் மீட்டர் இன்ஜின். முதல் கியரில் மொத்த ரிடக்‌ஷன் 15 என்று வைத்து, பாதியைப் பின்னால் அனுப்பினால் 5,300 நியூட்டன் வரும். கூடுதல்தான், ஆனால் வித்தியாசம் நாம நினைச்ச அளவுக்கு இல்லை.

வேகம் ஏறும்போதுதான் கதை மாறும். பவர் என்பது விசை பெருக்கல் வேகம். 40,000 வாட்டை 3,450-ஆல் வகுத்தால் வினாடிக்கு 11.6 மீட்டர், அதாவது மணிக்கு சுமார் 42 கிலோமீட்டர். அதுவரை முழு இழுவிசை. அதுக்கு மேல் இறங்கிக்கொண்டே போகும். 100 கிலோமீட்டரில் 1,440 நியூட்டன்தான் மிச்சம். பெட்ரோல் வண்டியில் 151 கிலோவாட்டில் பாதி பின்னால் போனால், அதே வேகத்தில் 2,700. (எல்லாமே இழப்புகளைக் கழிக்காத கணக்கு.)

இன்னொரு தப்பான எண்ணம்: பேட்டரி தீர்ந்தால் ஆல்-வீல் டிரைவும் போச்சு என்பது. பேட்டரி சின்னதுதான், சுமார் 1.6 கிலோவாட் மணி. அதை மட்டும் நம்பினால் 40 கிலோவாட் மோட்டார் இரண்டரை நிமிஷம்கூட ஓடாது. ஆனா முன்பக்கம் இன்ஜின் சுழற்றும் ஜெனரேட்டர் ஒன்று இருக்கு. அதன் கரண்ட் நேரா பின் மோட்டாருக்குப் போகலாம். இயந்திர ஆற்றல் மின்சாரமாகி, திரும்ப இயந்திர ஆற்றலாகும்போது கொஞ்சம் இழப்பு உண்டு, அவ்வளவுதான்.

சூடு விஷயத்தில் ரெண்டு பேருக்கும் பிரச்சினை இருக்கு. மணலில் மாட்டி நிமிஷக்கணக்கில் உருட்டினால், மோட்டார் அதிகக் கரண்ட்டில் மெதுவாகச் சுத்திச் சூடாகும். பெட்ரோல் வண்டியின் கிளட்ச்சும் வழுக்கி வழுக்கிச் சூடாகும். பாலைவன மணலுக்கு என்றால் இரண்டையுமே விட்டுட்டு, லோ-ரேஞ்ச் உள்ள ஜீப் மாதிரி ஏதாவது பார்ப்பேன். பனி ரோட்டுக்கு என்றால் யோசிக்காமல் ஹைபிரிட்: மோட்டாரின் டார்க்கை மில்லிசெகண்டில் மாற்றலாம், பிரேக் போடும்போது பின் சக்கரமும் கரண்ட் திருப்பித் தரும்.

அதுக்காக ஹைபிரிட்னாலே ஷாஃப்ட் இருக்காதுன்னு எழுதிடாதீங்க. ஹோண்டா சி.ஆர்-வி ஹைபிரிடில் ஷாஃப்ட் உண்டு. சுபாருவின் ஃபாரஸ்டர் ஹைபிரிடிலும் உண்டு.

நம்ம ஊரில் இது இன்னும் குழப்பம். 2022-ல் மாருதி கிராண்ட் விட்டாரா வந்தபோது, ஸ்ட்ராங் ஹைபிரிட் முன் சக்கர டிரைவ் மட்டுமே. ஆல்-வீல் டிரைவ் மைல்ட் ஹைபிரிட் மேனுவலில்தான் கிடைத்தது. அதில் பின் சக்கரத்தை இழுப்பது பழைய ஷாஃப்ட்தான். இன்ஜினோடு பெல்ட்டில் கட்டிய அந்தச் சின்ன மோட்டாருக்கு வேலை இன்ஜினுக்குக் கைகொடுப்பதோடு முடிஞ்சது.